சுருட்டுக்கடைப் பள்ளிக்கூடம்: புவேர்ட்டோ ரிக்கோவின் ஆசிரியர் ரஃபேல் கொர்தெரோ (1790–1868)



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்கிவிட்டுக் கலைந்துபோவது ஒரு வழக்கம். இந்த அரங்கில் நாம் அப்படிச் செய்வதில்லை. மறைந்தவர் எந்த வேலையைத் தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டாரோ, அந்த வேலையின் வரலாற்றைப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறோம். நாம் இன்று நினைவுகூரும் வாத்தியார் பகலெல்லாம் உழைத்துவிட்டு, மாலையில் விளக்கேற்றி வைத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். சம்பளம் வாங்காதவர். ஆகவே அவரைப் போலவே கையால் உழைத்துக்கொண்டே பாடம் நடத்திய இன்னொரு மனிதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவர் நம் நாட்டவர் அல்லர், நம் மொழியினரும் அல்லர். ஆனால் அவருடைய கதையில் நமக்குத் தெரிந்த காயங்கள் பல இருக்கின்றன.

அவர் பெயர் ரஃபேல் கொர்தெரோ. கரீபியக் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவில், தலைநகரான சான் ஹுவானில், சுருட்டுச் சுற்றிப் பிழைத்த கறுப்பினத்தவர். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டணமின்றிப் பள்ளி நடத்தியவர். அந்தத் தீவில் இன்று அவரைப் பொதுக்கல்வியின் தந்தை என்கிறார்கள்.

தீவும் அதன் அடுக்கும்

முதலில் அந்தத் தீவைப் புரிந்துகொள்வோம். 1508இல் ஸ்பானியர்கள் அங்கே குடியேறத் தொடங்கினர். தாயினோ என்ற தொல்குடி மக்கள் சுரங்க வேலையாலும் நோயாலும் அழிந்துபோக, ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்து அடிமைகளாக்கினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது அடிமை வணிகமும் பெருகியது. 1815இல் ஸ்பெயின் அரசர் ஓர் ஆணையிட்டார். தீவில் வந்து குடியேறும் வெள்ளையருக்கு இலவச நிலம் உண்டு. சுதந்திரமான கறுப்பினத்தவர் வந்தால் அதில் பாதி. அடிமைகளை உடன் கொண்டுவரும் வெள்ளையருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் நிலம். மனிதரைச் சொத்தாக வைத்திருந்தால் மேலும் சொத்து கிடைக்கும் என்பது சட்டமாகவே இருந்தது.

ஆனால் அந்தத் தீவில் அடிமைகளைவிட, சுதந்திரமான கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். அவர்கள் தச்சர், செருப்புத் தைப்பவர், தையற்காரர், சுருட்டுச் சுற்றுபவர், சலவைத் தொழிலாளி. யாருக்கும் சொந்தமில்லாத மனிதர்கள்தான். ஆனாலும் சமமானவர்கள் இல்லை. படிப்பு, பதவி, குருமார் பட்டம் என எதற்குப் போனாலும் ‘இரத்தத் தூய்மை’ நிரூபிக்கச் சொல்வது ஸ்பானிய ஆட்சியின் பழைய வழக்கம். மூதாதையரில் ஆப்பிரிக்க இரத்தம் இல்லை என்று சான்று காட்ட வேண்டும். ‘தூய’ குடும்பத்தார் கறுப்பினத்தவரைத் திருமணம் செய்ய வேண்டுமானால் அரசின் அனுமதி தேவை என்றும் விதி இருந்தது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். கலப்பினத்தவரை ஸ்பானியர் ‘காஸ்தா’ என்ற சொல்லால் வகைப்படுத்தினர். குலம், இனவழி என்று பொருள். அதே சொல்லைத்தான் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் நம் கரைக்குக் கொண்டுவந்து, இங்கே கண்ட சாதி முறைக்குப் பெயராக வைத்தனர். அதுவே ஆங்கிலத்துக்குப் போய் ‘காஸ்ட்’ ஆனது. அந்தத் தீவின் நிற அடுக்கையும் நம் ஊரின் சாதி அடுக்கையும் ஒரே சொல்லால் அழைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கே தீண்டாமைக்குச் சாத்திரமும் கோயிலும் காவல் நின்றன. அங்கே துப்பாக்கியும் சந்தையும் காவல் நின்றன. ஆனால் பிறப்பைக் காட்டிப் பள்ளிக் கதவைச் சாத்துவது இரண்டிலும் ஒன்றுதான்.

பள்ளியில் இடம் கிடைக்காதவர்

கொர்தெரோ 1790 அக்டோபர் 24 அன்று பிறந்தார். தந்தை லூக்காஸ் கொர்தெரோ, தாய் ரீத்தா மொலினா. இருவரும் அடிமைகள் அல்லர். கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள். கிரெகோரியா, செலெஸ்தினா என்று இரண்டு சகோதரிகள். நிறத்தின் காரணமாகப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை. எழுத்தும் வாசிப்பும் வீட்டில் பெற்றோரிடமிருந்து வந்தன. மீதியைத் தாமே தேடிப் படித்துக்கொண்டனர்.

இதை நாம் எளிதாகக் கடந்துபோகக் கூடாது. பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு பிள்ளை வளர்ந்து என்ன செய்யும்? கசப்போடு எழுத்தையே வெறுக்கலாம். தான் மட்டும் எப்படியோ படித்து மேலே ஏறிவிட்டு, பின்னால் வருபவர்களுக்குக் கதவைச் சாத்தலாம். இரண்டையும் நாம் பார்த்திருக்கிறோம். கொர்தெரோ குடும்பத்துப் பிள்ளைகள் தாங்கள் நுழைய முடியாத பள்ளியைத் தங்கள் வீட்டிலேயே கட்டினார்கள். 1810 வாக்கில், ஏறக்குறைய இருபது வயதில், ரஃபேல் பாடம் சொல்லித்தரத் தொடங்கினார்.

லூனா தெரு

சான் ஹுவானின் பழைய நகரத்தில் லூனா என்று ஒரு தெரு. அங்கே இருந்த அவருடைய வீடுதான் சுருட்டுப் பட்டறை, அதுவேதான் பள்ளிக்கூடம். புகையிலையின் நடுநரம்பைக் கிழித்தெடுத்து, உள்ளிலையைச் சேர்த்துப் பிடித்து, மேலிலையால் சுற்றி ஒட்டும் வேலையில் கண்ணும் விரலும் ஈடுபட்டிருக்கும். காது பிள்ளைகளிடம் இருக்கும். வாசிப்பு, கையெழுத்து, கணக்கு, கிறிஸ்தவ மறைக்கல்வி ஆகியவைதான் பாடங்கள். செருப்புத் தைக்கும் வேலையும் அவருக்குத் தெரியும். வயிற்றுக்குத் தொழில், பிள்ளைகளுக்குப் பாடம். கட்டணம் கிடையாது.

நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் வீட்டுத் திண்ணைதான் பள்ளி. ஆனால் எந்தத் தெருவின் திண்ணை என்பதிலேயே யார் வரலாம் என்பது முடிவாகிவிடும். நம் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள்ளேயே நடக்க முடியாது. லூனா தெருவில் நடந்தது வேறு. கறுப்புப் பிள்ளையும், கலப்பினப் பிள்ளையும், வெள்ளை அதிகாரியின் பிள்ளையும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு எதிரே இருந்தவர் ஒரு கறுப்பு ஆசிரியர்.

வெள்ளைப் பெற்றோர் ஏன் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள்? அவர்கள் மனம் திருந்திவிட்டார்கள் என்று அவசரப்பட்டு எண்ண வேண்டாம். தீவில் பள்ளிகள் மிகக் குறைவு. காலனி அரசுக்குக் கோட்டை கட்டவும் படை வைக்கவும் பணம் இருந்தது, பள்ளிக்கு இல்லை. மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். இருந்த இடத்தில் நல்ல ஆசிரியர் ஒருவர் இலவசமாகச் சொல்லித்தருகிறார் என்றால் நிற வேறுபாடு கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. தேவை வந்தபோது பாகுபாடு வளைந்துகொடுத்தது, அது அழிந்துபோகவில்லை. சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைத்தால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மறுக்கும் பெற்றோர், அதே பெண் தங்கள் வயலில் நட்ட நெல்லை மறுப்பதில்லை. அந்த வளைவை நாம் நன்றாக அறிவோம்.

1848

இந்தப் பள்ளி எந்தச் சூழலில் நடந்தது என்பதற்கு ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வோம்.

1848 மே மாதம் பக்கத்துத் தீவான மார்ட்டினிக்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அங்கே அடிமை முறை ஒழிந்தது. அந்த அலை இங்கும் வந்துவிடும் என்று அஞ்சிய புவேர்ட்டோ ரிக்கோவின் ஆளுநர் ஹுவான் ப்ரிம், மே 31 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். ஆப்பிரிக்க இனத்தவர் செய்யும் குற்றங்களை இனி இராணுவ நீதிமன்றமே விசாரிக்கும். அடிமை, சுதந்திரமானவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. வெள்ளையரை அவமதிப்பதும் மிரட்டுவதும் தண்டனைக்குரியவை. சுதந்திரமான கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையருக்கு எதிராக ஆயுதம் எடுத்தால், தன் பக்கம் நியாயமே இருந்தாலும், அவருடைய வலது கை வெட்டப்படும். அடிமை எடுத்தால் மரணம்.

அப்போது கொர்தெரோவுக்கு 57 வயது. வெள்ளைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கறுப்பு ஆசிரியர் ஒருவர் ‘தப்பு, திரும்ப எழுது’ என்று சொல்ல வேண்டும். அவர் எழுதக் கற்றுக்கொடுத்த வலது கையை வெட்டும் சட்டம் நகரத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த ஆணை அதே ஆண்டின் இறுதிக்குள் நீக்கப்பட்டது. ஆனால் நீக்கிய ஆளுநர் பெசுவேலா 1849இல் வேறொன்றைக் கொண்டுவந்தார். நிலமற்ற கூலிகள் அனைவரும் ஒரு குறிப்பேட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். யாரிடம் வேலை செய்கிறோம், எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை முதலாளி அதில் எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதரின் சட்டைப் பைக்குள், அவருக்கு எதிராக எழுதப்பட்ட ஏடு! எழுத்து யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அதே 1848இல்தான் பூனாவில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். இவர்களுக்கும் கொர்தெரோவுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் புலே கடல்தாண்டிப் பார்க்கத் தெரிந்தவர். 1873இல் அவர் எழுதிய குலாம்கிரி நூலை, நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த 1873இல்தான், மார்ச் 22 அன்று, புவேர்ட்டோ ரிக்கோவிலும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

மாணவர்கள்

அந்த ஒழிப்பில் லூனா தெருப் பள்ளிக்கும் பங்கு உண்டு. கொர்தெரோவிடம் எழுத்துக் கற்றவர்களில் மூவரை வரலாறு நன்றாக அறியும்: அலெஹாந்த்ரோ தாப்பியா, ஹொசே ஹூலியன் அகோஸ்தா, ரோமன் பால்தொரியோத்தி தெ காஸ்த்ரோ.

தாப்பியா நாடக ஆசிரியர். 1867இல் வெளிவந்த அவருடைய ‘லா குவார்த்தெரோனா’ நாடகம், கலப்பினப் பெண்ணொருத்தியின் காதல் நிறப் பாகுபாட்டால் சிதைவதைப் பேசுகிறது. அகோஸ்தா ஆசிரியர், இதழாளர். காலனிச் சீர்திருத்தம் பற்றிக் கருத்துச் சொல்லத் தீவின் பிரதிநிதிகளை ஸ்பெயின் அழைத்தபோது, அவரும் ருயிஸ் பெல்விஸ், கின்யோனெஸ் ஆகிய இருவரும் 1867இல் மாட்ரிட்டில் எழுந்து நின்று அடிமை முறையை உடனே ஒழியுங்கள் என்று கேட்டார்கள். உடைமையாளருக்கு இழப்பீடு கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, உடனே ஒழியுங்கள் என்றார்கள். ஆதிக்கத்தின் தலைநகரில் நின்று அப்படிக் கேட்பது சாதாரணம் இல்லை. பால்தொரியோத்தி 1870இல் ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் அதே கோரிக்கையை எழுப்பினார். பின்னாளில் தன்னாட்சிக் கட்சியைத் தொடங்கியவரும், அதற்காக 1887இல் சிறை சென்றவரும் அவரே.

வெற்றியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1873இல் ஏறத்தாழ 30,000 பேர் விடுதலை பெற்றார்கள். இழப்பீடு யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையானவர்கள் மேலும் மூன்று ஆண்டுகள் ஒப்பந்தத்தின்பேரில் வேலை செய்ய வேண்டும் என்றும் விதித்தார்கள். உழைத்தவருக்கு ஒரு பிடி நிலமும் இல்லை. பஞ்சமி நிலத்துக்காக இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் நமக்கு இது புதிதல்ல.

கொர்தெரோ அடிமை முறைக்கு எதிராக மேடையேறிப் பேசியவர் அல்லர். ஆனால் எழுத்தை முதன்முதலாகக் கறுப்பு மனிதரிடம் கற்ற பிள்ளைக்கு, கறுப்பர் அறிவற்றவர் என்ற பொய்யை நம்புவது கடினம். பிற்காலத்தில் எந்தப் புத்தகம் அதைச் சொன்னாலும், அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் முகம் நினைவுக்கு வரும். அவருடைய அரசியல் அந்த அறைக்குள் நடந்தது.

ஆனாலும் நாம் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். வரலாற்றில் பெயர் நின்ற மாணவர்கள் பெரும்பாலும் வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள். அகோஸ்தாவும் பால்தொரியோத்தியும் ரூஃபோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியாரின் முயற்சியால் மாட்ரிட் சென்று அறிவியல் படித்தார்கள். அதே அறையில் அதே எழுத்தைக் கற்ற கறுப்புப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? பட்டறைக்குத் திரும்பியிருப்பார்கள். கரும்புத் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். பள்ளி சமத்துவம் தந்தது. பள்ளிக்கு வெளியே ஏணி ஒரு நிறத்துக்கு மட்டுமே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்றாகப் பாடம் கேட்டவர்கள் ஒரே இடத்துக்குப் போய்ச்சேரவில்லை. சமபந்தி போஜனம் நடத்திவிட்டுச் சாதி ஒழிந்துவிட்டது என்பவர்களுக்கு நாம் சொல்லும் பதிலும் இதுதான்.

நூறு பெசோ

அவருடைய முதுமையில், நகரத்துப் பெரியவர்களின் சங்கமான ‘நாட்டு நண்பர்கள் பொருளாதாரச் சங்கம்’ அவருக்கு நல்லொழுக்கப் பரிசாக 100 பெசோ கொடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு பாதியில் ஏழை மாணவர்களுக்குப் புத்தகமும் துணியும் வாங்கினார். மறு பாதியை வீடற்ற ஏழைகளுக்குப் பகிர்ந்துவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் அவருடைய தியாகத்தைப் போற்றி முடித்துவிடுகிறார்கள். நாம் பரிசு கொடுத்தவர்களையும் பார்ப்போம். அரை நூற்றாண்டாக ஒரு தொழிலாளி தன் கூலியில் நடத்திய பள்ளியை அரசும் செல்வந்தரும் ஏற்று நடத்தவில்லை. அதைப் போல இன்னும் பத்துத் தொடங்கவில்லை. ஒழுக்கத்துக்கு விருது கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். கொர்தெரோ அந்தப் பணத்தை எதற்குச் செலவழித்தார் என்பதிலேயே ஒரு பதில் இருக்கிறது. பிள்ளைக்குப் புத்தகமும் உடுக்கத் துணியும் இல்லாவிட்டால் இலவசப் பள்ளி என்ற பெயர் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1868 ஜூலை 5 அன்று அவர் இறந்தார். நகரமே திரண்டு வந்து வழியனுப்பியது. இரண்டரை மாதம் கழித்து, செப்டம்பர் 23 அன்று, லாரெஸ் என்ற ஊரில் ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது.

அக்கா

செலெஸ்தினா கொர்தெரோ 1787இல் பிறந்தவர். ரஃபேலுக்கு மூன்று வயது மூத்தவர். 1820இல் சான் ஹுவானில் பெண் குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட காலம். அதிலும் தொடங்கியவர் கறுப்புப் பெண். ஆசிரியை என்ற அங்கீகாரத்துக்காக அதிகாரிகளிடம் அவர் நெடுங்காலம் விண்ணப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1862 ஜனவரியில் வறுமையில் இறந்தார்.

தம்பியைப் பெரிய ஓவியர் வரைந்தார், அறிஞர் புகழ்ந்துரைத்தார், 2013இல் போப் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அக்காவுக்கு அந்தக் காலத்தில் இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. அவருடைய மாணவிகள் நாடாளுமன்றம் போக முடியாது, நூல் எழுதி ஆசிரியையின் பெயரைச் சொல்ல முடியாது. ஆசிரியரின் புகழ் பெரும்பாலும் மாணவர்களின் அதிகாரத்தால் வருவது. அதிகாரம் எட்டாத மாணவிகளுக்குக் கற்பித்தவர் பெயர் மறைந்துபோவதில் வியப்பில்லை. அதை மீட்பது நம்மைப் போன்ற அமைப்புகளின் வேலை.

ஓவியமும் புகழுரையும்

1891 அக்டோபர் 31 அன்று இரவு, சான் ஹுவானின் அத்தெனேயோ என்ற பண்பாட்டு மன்றத்தில் கொர்தெரோவுக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. வரலாற்றாசிரியர் சல்வதோர் பிராவ் புகழுரை ஆற்றினார். அது பின்னர் அச்சாகியது. அதாவது, நாம் இன்று செய்வது போன்ற ஒரு நினைவுச் சொற்பொழிவுதான். அதே காலத்தில் ஓவியர் பிரான்சிஸ்கோ ஒல்லெர் அந்த வகுப்பறையைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். முதிய கறுப்பு ஆசிரியர், சுற்றிலும் பல நிறச் சிறுவர்கள், சுருட்டு வேலைக்கான மேசை. ஓவியம் இன்றும் அத்தெனேயோவின் சேகரிப்பில் இருக்கிறது.

இவர்களால்தான் கொர்தெரோ நமக்குக் கிடைத்தார். அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் மேல்தட்டினரின் நினைவில் அவர் எப்படிப் பதிந்தார்? பணிவானவர், பொறுமையானவர், எதையும் கேட்காதவர். ஒடுக்கப்பட்டவர்களில் இருந்து ஒருவரைப் போற்றும்போது ஆதிக்கச் சமூகம் தேர்ந்தெடுக்கும் சொற்கள் எப்போதும் இவைதான். நந்தனை அவர்கள் எப்படிப் போற்றினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இந்தப் போற்றுதல் பொதுப்புத்தியை மாற்றவில்லை. கொர்தெரோ இறந்து ஆறு ஆண்டுகள் கூட ஆகாத நிலையில், 1874இல், அதே சான் ஹுவானில் ஆர்துரோ ஷோம்பர்க் பிறந்தார். பள்ளியில் படிக்கும்போது, கறுப்பினத்தவருக்கு வரலாறும் இல்லை, சாதனையாளர்களும் இல்லை என்று ஓர் ஆசிரியர் அவரிடம் சொன்னதாகக் கூறுவார்கள். அந்தச் சொல் தைத்தது. நியூயார்க் சென்ற அவர், ஸ்பெயினிடமிருந்து தீவை விடுவிக்க முயன்ற குழுக்களில் சுருட்டுத் தொழிலாளர்களோடு சேர்ந்து இயங்கினார். கறுப்பினத்தவர் எழுதியவற்றையும் அவர்களைப் பற்றிய ஆவணங்களையும் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்தார். 1926இல் நியூயார்க் பொது நூலகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஹார்லெமில் இன்று உள்ள ஷோம்பர்க் ஆய்வு மையம் அதிலிருந்து வளர்ந்தது.

வகுப்பறையில் ஒரு சொல் பிள்ளையை நொறுக்கவும் செய்யும், நிமிர்த்தவும் செய்யும். நம் இரட்டைமலை சீனிவாசன் கோவையில் படித்தபோது, சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, பள்ளி மணி அடிக்கும்வரை சக மாணவர்களோடு சேராமல் தள்ளியே இருந்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த அந்தப் பிள்ளைதான் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார்.

நமக்கு

கொர்தெரோவின் தீவில் 2018 ஏப்ரலில், புயலுக்கும் கடனுக்கும் பிறகு, 283 அரசுப் பள்ளிகளை மூடப்போவதாக அறிவித்தார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பது காரணம். பொதுக்கல்வியின் தந்தை என்று ஒருவரைக் கொண்டாடும் மண்ணில், பொதுக்கல்விக்கே இடமில்லாமல் போகிறது. சிலையும் விருதும் பள்ளியைக் காப்பாற்றுவதில்லை. நம் ஊர்களிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் ஓட்டுக் கூரையையும் காலிப் பணியிடங்களையும் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறோம்.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் புலே சொன்னது இதைத்தான்: வரி கட்டுவது உழவரும் உழைப்பவரும், கல்விப் பணம் போய்ச்சேருவது மேல்சாதியாருக்கு. தொடக்கக் கல்விக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் கேட்டார். தனி மனிதரின் தியாகத்தைப் பாராட்டும்போதெல்லாம் அந்தக் கோரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நம் பாராட்டு அந்த நூறு பெசோ பரிசாகிவிடும்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து முடிக்கிறோம். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தந்த அக்காக்களும் அண்ணன்களும் வாத்தியார்களும் இருந்திருப்பார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். யார், எந்த ஆண்டு, எந்தத் திண்ணையில், யாருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் படித்துவிட்டுக் கூலிக்குப் போனவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். லூனா தெருவில் நமக்குக் கிடைக்காமல் போனவை அந்தப் பெயர்கள்தான்.

ஜெய்பீம்.